கேமிங் சவுண்ட் கார்ட் வாங்கலாமா? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதர்போர்டிலேயே (கம்பியூட்டரின் பாகங்கள் எல்லாம் பொருந்தும் பெரிய பலகை) வரும் சவுண்ட் போதுமா, ஒலிக்கென்றே செய்த கேமிங் சவுண்ட் கார்ட் ஒன்றைத் தனியாகப் போட வேண்டுமா என்று கம்பியூட்டரில் விளையாடும் பெடியள் ஓயாமல் கேட்கிறார்கள். சில வேளை அவர்களுக்குக் காசு கொடுக்கும் அப்பாமாரும் கேட்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. தேவைப்படுகிற சிலர் யார், மற்றவர்களுக்கு வரும் பிரச்சினை உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

மதர்போர்டில் இருக்கும் சவுண்ட் என்றால் சரியாக என்ன?

மதர்போர்டின் ஓரத்தில், பின்பக்க ஓட்டைகளுக்குக் கிட்ட, ஒரு சின்ன சிப் இருக்கும். பெரும்பாலும் அது ரியல்டெக் நிறுவனத்தினுடையது. எண்களாக இருக்கும் ஒலியை ஹெட்போனை ஒலிக்கச் செய்யும் மின்அலையாக மாற்றுவதும், மைக்கில் வருவதைத் திருப்பி எண்ணாக்குவதும் அதன் வேலை. விலை குறைந்த போர்டுகளில் ஏஎல்சி 887, 897 போன்றவை வரும். கொஞ்சம் விலை கூடியவற்றில் ஏஎல்சி 1220 அல்லது 4080 வரும். உங்கள் போர்டில் எது இருக்கிறது என்று பெட்டியிலோ தயாரிப்பாளரின் இணையத்தளத்திலோ பார்க்கலாம்.

ஆரம்ப காலத்தில் இந்த உள்ளிணைந்த ஒலி படுமோசமாகத்தான் இருந்தது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் முதல் சவுண்ட் பிளாஸ்டரை விற்றபோது, கார்ட் இல்லாத கம்பியூட்டரால் பீப் பீப் என்று கத்த மட்டுமே முடிந்தது. 1997இல் இன்டெலின் ஏசி 97, 2004இல் எச்டி ஓடியோ என்று தரங்கள் வந்த பிறகு நிலைமை மாறியது. இன்று சாதாரண போர்டின் சிப்பே, நல்ல வயரில் நல்ல ஹெட்போனைப் போட்டுக் கேட்டால், குறை சொல்ல முடியாத அளவுக்கு இருக்கும்.

அப்படியென்றால் என் ஹெட்செட்டில் ஏன் இரைச்சல் கேட்கிறது?

கார்ட் வாங்க நினைக்கும் பத்துப் பேரில் பெரும்பாலானோரின் உண்மையான கேள்வி இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரைச்சல் எல்லாம் ஒரே வகை இல்லை. எந்த மாதிரிக் கேட்கிறது என்று காதைக் கொடுத்துக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மௌஸை அசைக்கும்போது, பக்கத்தை உருட்டும்போது, கேம் ஓடத் தொடங்கும்போது கிர்ர், டிக் டிக் என்று கேட்டால், அது பெட்டிக்குள் இருந்து வருகிறது. கேசின் முன்பக்க ஓட்டையிலிருந்து மதர்போர்டின் அடிவரை ஒரு மெல்லிய வயர் போகிறது. மலிவான கேசுகளில் அந்த வயருக்கு ஒழுங்கான உறை கிடையாது. கிராபிக்ஸ் கார்டுக்கும் யுஎஸ்பி வயர்களுக்கும் பக்கத்தால் போகும்போது அவற்றின் மின்குழப்பத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு வரும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஹெட்செட்டைக் கழற்றிப் பின்பக்கப் பச்சை ஓட்டையில் போடுங்கள். நிறையப் பேருக்கு விஷயம் அங்கேயே முடிந்துவிடும். எட்டவில்லை என்றால் ஒரு நீட்டிப்பு வயர் வாங்கலாம். அதன் விலை கார்டின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சீ என்று ஒரே சீராக, எதை அசைத்தாலும் மாறாமல் கேட்டால், மைக்கைப் பாருங்கள். விண்டோஸ் ஒலி அமைப்பில், மைக்கின் ஒலியை உயர்த்தும் மைக் பூஸ்ட் 20 அல்லது 30 டெசிபலில் ஏற்றிவைக்கப்பட்டிருக்கும். அதோடு மைக்கின் ஒலியை உங்கள் காதுக்கே திருப்பி அனுப்பும் தெரிவும் போட்டிருந்தால் சீறல் காதுக்குள் வரத்தான் செய்யும். இரண்டையும் குறையுங்கள். சின்ன இன்இயர் வகைகளை நேரடியாகப் போட்டுக் கேட்பவர்களுக்கு மைக்கை அணைத்த பிறகும் மெல்லிய சீறல் மிஞ்சலாம். அவை மிகவும் உணர்திறன் கூடியவை என்பதால், சாதாரண ஹெட்போனில் கேட்காத இரைச்சலையும் காட்டிக்கொடுக்கும்.

ம்ம்ம் என்று தடித்த உறுமல் கேட்டால் அது 50 ஹேர்ட்ஸ். மின்சாரத்திலிருந்து வருகிறது. அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

எதைச் செய்வதற்கு முன்னும் ஒரு சோதனை: அதே ஹெட்செட்டை ஒரு போனில் போட்டுக் கேளுங்கள். அங்கேயும் இரைச்சல் இருந்தால் குற்றவாளி ஹெட்செட்தான். எந்தக் கார்டாலும் அதைத் திருத்த முடியாது.

எர்த் இல்லாத வீட்டில் உறுமல் வருமா?

வரும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் இதை நிறையக் காணலாம். இலங்கையில் 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கை நாட்டின் பொதுத் தரமாக அறிவித்ததே 2017இல்தான். அதற்கு முன் கட்டிய வீடுகளில் 5 அம்பியர், 15 அம்பியர் உருண்டைப் பின் சொக்கெட்டுகள் இன்னும் இருக்கின்றன. அதில் போட ஒரு அடப்டர், அதன் மேல் ஒரு மல்டிபிளக், அதில் வெளிநாட்டுப் பிளக்கோடு வந்த பவர் வயர் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருப்பார்கள். இந்தக் கோர்வையில் எங்காவது ஓரிடத்தில் எர்த் அறுந்திருக்கும். பேனா மூடியால் எர்த் ஓட்டையை நெம்பி இரண்டு பின் பிளக்கைத் தள்ளுகிற பழக்கமும் எங்களிடம் உண்டு. அப்படிப் போட்ட கம்பியூட்டருக்கு எர்த் என்பதே கிடையாது.

கம்பியூட்டரின் பவர் சப்ளைக்குள் மின்குழப்பத்தை வடிகட்டிக் கேசுக்கு அனுப்பும் சின்னக் கொண்டன்சர்கள் இருக்கின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேஸ் முழுக்க 230 வோல்ட்டின் ஏறக்குறைய பாதியில் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியதுதான், ஆனால் கேசைத் தொடும்போது கையில் சுர் என்று இருப்பதும், தொட்டவுடன் மைக்கின் உறுமல் மாறுவதும் இதனால்தான். ஆயிரம் டொலர் கார்ட் போட்டாலும் அதே உறுமல் அதே இடத்தில் நிற்கும். வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் மண் சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் மெல்லிய படையாக இருப்பது. வெயில் காலத்தில் அது காய்ந்துபோனால், நன்றாக அடித்த எர்த் கம்பிகூட வேலை செய்வது குறையும். ஆகவே கம்பி இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல் அளந்தும் பார்க்க வேண்டும். இது ஒலிக்காக மட்டும் செய்கிற வேலை இல்லை, உயிருக்காகவும்தான்.

இன்னொரு வகை உறுமல் இதற்கு நேர்மாறானது. கம்பியூட்டரை வெளி ஸ்பீக்கர் செட்டோடோ அம்ப்ளிபயரோடோ டிவியோடோ இணைத்திருக்கும்போது, எர்த்துக்கு இரண்டு பாதைகள் உருவாகி வளையமாகிவிடும். டிவிக்கு வரும் டிஷ் வயரைக் கழற்றினால் உறுமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வளையம்தான். எல்லாவற்றையும் ஒரே சொக்கெட்டிலிருந்து எடுப்பது, அல்லது 3.5 மிமீ வயரின் நடுவே போட்டு எர்த் தொடர்பை அறுக்கும் சின்ன ஐசலேட்டர் ஒன்று வாங்குவது, அல்லது ஒலியை ஒளியாகக் கொண்டுபோகும் ஒப்டிக்கல் வயரில் இணைப்பது, மூன்றில் ஒன்று தீர்த்துவைக்கும். உறுமலை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

யுபிஎஸ்ஸில் ஓடும்போது மட்டும் ஸ்பீக்கர் கரகரக்கிறது. ஏன்?

மலிவான யுபிஎஸ்கள் பற்றரியில் ஓடும்போது வழுவழுப்பான அலையைத் தருவதில்லை, படிப்படியாக வெட்டிய அலையைத்தான் தருகின்றன. சில ஸ்பீக்கர்களுக்கு அது பிடிக்காது. கரண்ட் வந்ததும் சரியாகிவிட்டால் விட்டுவிடுங்கள். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது இதைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

கார்ட் போட்டால் எதிரியின் காலடிச் சத்தம் திசையோடு நன்றாகக் கேட்குமா?

இந்த ஆசையில்தான் கார்டுகள் விற்கின்றன. ஒரு காலத்தில் இது உண்மையாகவும் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கேம்கள் ஒலியைக் கலக்கும் வேலையையும், எதிரொலி சேர்க்கும் வேலையையும் கார்டின் சிப்பிடம் கொடுத்தன. கிரியேட்டிவின் ஈஏஎக்ஸ் அதற்குப் பேர்போனது. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா வந்தபோது மைக்ரோசொஃப்ட் அந்தப் பாதையை அடைத்துவிட்டது. அன்றிலிருந்து காலடிச் சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா, சுவருக்கு அப்பாலா என்பதையெல்லாம் கேமே பிராசசரில் கணக்குப் போட்டு, கலந்து முடித்துத்தான் கார்டுக்கு அனுப்புகிறது. கார்டின் வேலை வந்ததை வாசிப்பது. (விஸ்டா வந்த நேரம் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதையே போரால் எங்களுக்கு மூடிக்கிடந்தது. சவுண்ட் கார்ட் மாற்றம் பற்றி இங்கே யார் கவலைப்பட்டார்!)

திசை தெரிய வேண்டுமென்றால் கேமின் அமைப்பில் எச்ஆர்டிஎஃப் என்ற தெரிவைத் தேடுங்கள். ஒலி ஒரு காதுக்கு முந்தியும் மற்றதுக்குப் பிந்தியும் எப்படிச் சேர்கிறது, காதுமடலில் பட்டு எப்படி மாறுகிறது என்பதைப் போலி செய்யும் கணக்கு அது. வலரண்ட் என்ற கேமில் 2021இல் வந்தது; கவுண்டர் ஸ்ட்ரைக் கேமிலும் உண்டு. காசு கொடுக்கத் தேவையில்லை, மதர்போர்ட் சவுண்டிலேயே வேலை செய்யும்.

காலடிச் சத்தத்தை மட்டும் தூக்கிக் காட்டும் ஸ்கவுட் மோட் போன்ற வசதிகள் கார்டுகளில் வருவது உண்மைதான். மெல்லிய ஒலிகளை உயர்த்தி, வெடிச்சத்தத்தை அமுக்குகிற வேலைதான் அது. விண்டோஸின் ஒலி மேம்பாட்டுப் பக்கத்தில் லவுட்னஸ் ஈக்குவலைசேஷன் இருந்தால் ஏறக்குறைய அதையே செய்யும். இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் ஈக்குவலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு பின்னேரம் அதோடு மினக்கெட்டால் உங்கள் ஹெட்போனின் குணத்தையே மாற்றலாம்.

7.1 ஹெட்செட் வாங்கினால்?

பெட்டியில் 7.1, அதாவது சுற்றிவர எட்டு ஸ்பீக்கர், என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலானவற்றில் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கும். மற்றதெல்லாம் மென்பொருள் செய்கிற மாயம். அந்த மாயத்தை விண்டோஸ் சோனிக் இலவசமாகவே செய்யும். கேமில் எச்ஆர்டிஎஃப் போட்டிருந்தால் 7.1ஐ அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் திசையே குழம்பி, எதிரி கிணற்றுக்குள் நடப்பது போலக் கேட்கும்.

கார்ட் போட்டால் எஃப்பிஎஸ் கூடுமா?

எஃப்பிஎஸ் என்பது ஒரு செக்கனில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை. அது கூடாது. ஒலிக்காக இன்றைய பிராசசர் படுகிற பாடு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுதான்.

அண்ணா, என் போர்டில் 97 டெசிபல், கார்டில் 122 டெசிபல் என்று போட்டிருக்கிறதே. அவ்வளவு வித்தியாசம் கேட்காதா?

அந்த எண் ஒலிக்கும் இரைச்சலுக்கும் இடையிலான தூரம். 2017இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ஏஇ-5க்கு 122 என்பது சரிதான். ஆனால் தம்பி, சாதாரண சீடியே 16 பிட்டில் ஏறக்குறைய 96 டெசிபல்தான் தரும். நீங்கள் விளையாடும் அறையைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். சீலிங் ஃபான் சுற்றுகிறது, பெட்டிக்குள் மூன்று ஃபான் சுற்றுகிறது, ஒழுங்கையில் ஓட்டோ போகிறது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் என்றால் அந்தப் பக்கத்து வீடுகளில் கேட்கவே வேண்டாம். ஆளில்லாத அமைதியான அறையிலேயே 30 டெசிபல் இரைச்சல் இருக்கும். ஹெட்போனில் 90 டெசிபலுக்குச் சத்தம் வைத்தாலும், 97 டெசிபல் கீழே கிடக்கும் இரைச்சல் மனிதக் காதுக்கு எட்டாது.

உண்மையில் காதுக்கு எட்டுகிற இரைச்சல் சிப்பின் குறையால் வருவதில்லை. சிப்பைச் சுற்றிப் போர்டை எப்படி வடிவமைத்தார்கள், ஒலிப் பகுதியை மற்ற மின்பாதைகளிலிருந்து பிரித்தார்களா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதனால்தான் ஒரே சிப் உள்ள இரண்டு போர்டுகளில் ஒன்று சுத்தமாகவும் மற்றது கிர்ர் என்றும் கேட்கும்.

அப்படியானால் யார்தான் வாங்க வேண்டும்?

என் கணக்கில் மூன்று வகையினர். முதலாவது, பின்பக்க ஓட்டை, எர்த், மைக் பூஸ்ட் எல்லாம் பார்த்த பிறகும் இரைச்சல் போகாதவர்கள். அவர்களுடைய போர்டின் வடிவமைப்பே மோசம், ஒலியை வெளியே எடுப்பதுதான் வழி.

இரண்டாவது, ஓம் (மின்தடையின் அளவு) கூடிய ஹெட்போன் வைத்திருப்பவர்கள். சாதாரண கேமிங் ஹெட்செட்டுகள் 32 ஓம் அளவில் இருக்கும், எதிலும் சத்தமாகக் கேட்கும். பெயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் வகை, 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600 போன்றவற்றை மலிவான போர்டில் போட்டால் சத்தத்தை முழுதாக ஏற்றினாலும் சோம்பலாகத்தான் பாடும். கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வந்த சொந்தக்காரர் ஒருவர் அப்படி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் உங்களுக்கு ஒலியை உயர்த்தும் அம்ப்ளிபயர் ஒன்று தேவை.

மூன்றாவது, மதர்போர்டின் ஒலிப் பகுதியே செத்துப்போனவர்கள். மின்னல் காலத்துக்குப் பிறகு இப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கை கூடும்.

இந்த மூன்றிலும் சேராதவர் நல்ல ஹெட்போன் ஒன்றை வாங்கட்டும். ஒலி எப்படிக் கேட்கும் என்பதில் ஹெட்போன் மாற்றுகிற அளவுக்கு வேறெதுவும் மாற்றாது.

உள்ளே போடும் கார்டா, வெளியே வைக்கும் யுஎஸ்பியா?

யுஎஸ்பி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே போடும் கார்ட், எந்த மின்குழப்பத்திலிருந்து தப்ப நினைக்கிறீர்களோ அதே பெட்டிக்குள்தான் உட்காரப் போகிறது. இப்போதைய தடித்த கிராபிக்ஸ் கார்டுகள் பக்கத்தில் கார்ட் செருகும் ஸ்லொட்டுகளை மூடிக்கொள்வதால் பல போர்டுகளில் இடமும் இருப்பதில்லை. யுஎஸ்பி என்றால் லாப்டொப்பிலும் போடலாம், அடுத்த கம்பியூட்டருக்கும் கொண்டுபோகலாம்.

சாதாரண ஹெட்செட்டுக்கு யுஎஸ்பி ஓட்டையில் செருகும், விரல் நீளத்தில் வரும் சின்ன டொங்கிளே போதும். ஆப்பிள் தன் போன்களுக்கு விற்கும் டைப் சி டொங்கிள் சின்னதாக இருந்தாலும் மிகச் சுத்தமான ஒலி தருவது, விண்டோஸிலும் வேலை செய்யும். ஓம் கூடிய ஹெட்போனுக்கு சவுண்ட் பிளாஸ்டர்எக்ஸ் ஜி6 போன்ற பெரிய வகை வேண்டும். யுஎஸ்பி வயரோடு வரும் ஹெட்செட்டுக்கு எதுவும் வேண்டாம். அதற்குள்ளேயே ஒரு சவுண்ட் கார்ட் இருக்கிறது. நீங்கள் வேறு கார்ட் வாங்கினால் அது சும்மா கிடக்கும்.

மகன் கட்டாயம் வேண்டும் என்கிறான். எங்கே வாங்குவது?

ஐயா, முதலில் இரைச்சல் பற்றிய பதிலில் உள்ள சோதனைகளை மகனைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால், டொங்கிள், ஹெட்செட் போன்றவற்றை யாழ்ப்பாண நகரக் கடைகளிலேயே போட்டுப் பார்த்து வாங்கலாம். உள்ளே போடும் கார்டை இங்கே அதிகம் வைத்திருக்கமாட்டார்கள். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலிருந்து எடுப்பித்துத்தான் தருவார்கள். ஓன்லைனில் எடுத்தால் வொரன்டியை யார் தருகிறார், பழுதானால் பார்சல் செலவு யாருடையது என்று முதலே கேளுங்கள். விலைக்குள் 18 வீத வற் சேர்ந்திருக்கிறதா என்பதையும்.

பழைய கார்ட் மலிவாகக் கிடைத்தால் அது பிசிஐயா பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸா என்று பாருங்கள். பழைய பிசிஐ ஸ்லொட் இன்றைய போர்டுகளில் இல்லை. விண்டோஸ் 10, 11க்கு டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், இருக்கிறதா என்றும் தேடுங்கள். டிரைவர் இல்லாத கார்ட் வெறும் தகடு. கடற்கரைப் பக்கத்து வீட்டில் இருந்து வந்தது என்றால் ஓட்டைகளின் உள்ளே உப்புக்காற்றின் பச்சைப் படிவு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது.

என் குரல் கிணற்றிலிருந்து வருகிறது என்று சிநேகிதர்கள் சொல்கிறார்கள். கார்ட் திருத்துமா?

திருத்தாது. கேமிங் கார்டின் மைக் பகுதி போர்டினதைவிடப் பெரிதாக உயர்ந்தது இல்லை. மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவாருங்கள், ஃபானுக்கு நேரே இருக்காதீர்கள். ப்ளூடூத் ஹெட்செட் என்றால் மைக் இயங்கத் தொடங்கியதும் பெரும்பாலும் ஒலியே போன் அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும். விளையாட்டுக்கு வயரைத்தான் நம்பலாம்.

நுனி நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கும் ஒற்றைப் பிளக் ஹெட்செட்டைப் பின்பக்கம் போட்டால் மைக் வேலை செய்யாது. பச்சைக்கும் ரோசாவுக்கும் பிரிக்கும் வை வடிவ வயர் வேண்டும். கடையில் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள்.

வீட்டில் 5.1 ஸ்பீக்கர் செட் இருக்கிறது. அதற்காகவாவது?

மூன்று ஓட்டை உள்ள போர்டிலேயே நீலத்தையும் ரோசாவையும் ஸ்பீக்கருக்கு மாற்றி 5.1 எடுக்கலாம். டிரைவரில் ஒரு தெரிவுதான். எச்டிஎம்ஐ உள்ள ரிசீவர் என்றால் கிராபிக்ஸ் கார்டிலிருந்து நேரே போடுங்கள், சவுண்ட் கார்டுக்கே வேலை இல்லை.

பாட்டு, மிருதங்கம், நாதஸ்வரம் பதிவு செய்யவும் அதே கார்டைப் பாவிக்கலாமா?

கேமிங் கார்டை அதற்காக வாங்காதீர்கள். அதற்கு ஓடியோ இன்டர்ஃபேஸ் என்ற வேறு கருவி இருக்கிறது. நல்ல மைக்குகளின் பெரிய மூன்று பின் பிளக்கை ஏற்கும், 48 வோல்ட் கொடுக்கும், சத்தத்தைக் கையால் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். நாதஸ்வரமும் தவிலும் கிட்டத்தில் வாசித்தால் சாதாரண ஹெட்செட் மைக் திணறிவிடும். இன்டர்ஃபேஸில் அளவைக் குறைத்துப் பதியலாம். அதில் ஹெட்போன் ஓட்டையும் உண்டு, ஆகவே விளையாட்டுக்கும் அதையே பாவிக்கலாம். பதிவும் விளையாட்டும் இரண்டும் உங்களுக்கு வேண்டும் என்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

சரி, வாங்கிவிட்டேன். போட்ட பிறகு என்ன செய்வது?

விண்டோஸ் ஒலி அமைப்பில் புதியதை இயல்புக் கருவியாக்குங்கள். விளையாடும்போது பேசப் பாவிக்கும் டிஸ்கோர்ட் செயலியிலும் கேமிலும் தனித்தனியாகத் தெரிவு செய்ய வேண்டியிருக்கும். விண்டோஸ் பழையதையே தேடித் தேடித் திரும்பிப் போனால் பயோஸில் (கம்பியூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பு) போய் மதர்போர்ட் ஒலியை அணைத்துவிடலாம். உள்ளே போட்ட கார்ட் என்றால் கேசின் முன்பக்க வயரைக் கழற்றிக் கார்டில் மாட்ட வேண்டும். எல்லாக் கார்டிலும் அந்த இடம் இருக்காது, வாங்கும் முன் பாருங்கள். கார்டோடு வரும் மென்பொருளில் பேஸ், சரவுண்ட், கிறிஸ்டலைசர் எல்லாம் ஏற்றிவைத்துத்தான் தருவார்கள். முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு கிழமை கேளுங்கள். பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால், பெட்டியையும் பில்லையும் எறிந்துவிடாமல் வைத்திருந்தால், பாதி விலைக்குமேல் விற்கலாம்.